சேதுக் கடலும் அதன் தீவுகளும்

பாண்டி நாட்டின் கீழ்கரை மண்டபத்தருகே ஒரு விரல் நீட்டினாற்போலக் குறுகிச் சென்று, பாம்பனிற் சிறிது அற்று, மீண்டும் இராமேசுவரத் தீவாய்த் தோன்றி, தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை என்னும் மணல்முனையில் முடிகின்றது. அம்முனைக்கு அப்பாலும் நிலம் முற்றும் மறைந்துவிடவில்லை. திட்டும் திடலுமாய், பெரும்பகுதி நீருள் மறைந்தும் சிறுபகுதி வெளிப்பட்டும், ஏறத்தாழ 18 மைல் தூரம் சென்று ஈழத்து மன்னார்த் தீவை அது தொடுகின்றது. இவ்வரிசையையே நம்மவர் சேது என்றும் இராமர் அணை என்றும், ஐரோப்பியர் ஆதாம் பாலம் என்றும் வழங்குவர். இதற்கு வடக்கே உள்ளது பாக்கு நீரிணை. தெற்கே உள்ளது மன்னார் வளைகுடா. இவை பூகோள நூலார் இட்ட பெயர்கள். அவ்வூர் மீனவரோ, வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் அழைப்பர்.

இக்கடலின் இரு கரையிலும் உள்ள கோயிலூர்களையும் தீவுகளையும் காண இக்காலத்தில் பிரயாணிகள் பலர் செல்கின்றனர். கோயிலைத் தொழுவோர் சிலர். பனையும் மணலும் நீலநீரும் கண்டு இளைப்பாறுவோர் சிலர். பின்னவர் திரும்பி வந்து வியந்து கூறுவது யாதெனின், “அங்கே எவ்வளவு அமைதி!” என்பதே. அமைதி உண்மைதான். ஆயினும் அது அத்தீவுகளுக்குப் பிறவிக் குணம் என்று கருதுவது பெரும் பிழையாகும். போக்குவரவு ஓயாத பெருவழி ஒன்று அடைபட்ட பின்னர் அதன் ஓரத்துச் சத்திரங்களில் நிலவும் அமைதி யாது, அதுவே ஈண்டும் நிலவுகின்றது. இதனை ஊர் ஊராகச் சென்று காண்போம்.

முதற்கண் இக்கடலின் இயல்பை அறிதல் வேண்டும். வாடையும் கொண்டலும் வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். அப்பொழுது தென்கடல் அடங்கிக் கிடக்கும். சோளகம் எழும் மாதங்களில் தென்கடல் பொங்க, வடகடல் குளம்போல் ஆகிவிடும். ஆகவே ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பக்கம் ஓடத்திற்கு இடங்கொடுத்துக்கொண்டே இருக்கும். அன்றியும், மணல்வரிசையை ஒட்டிய நீர் பல இடங்களில் ஆளுயரமும் இல்லை. பெரிய மரக்கலங்கள் இதனூடே செல்ல இயலா. ஈழத்தைச் சுற்றியே செல்லுதல் வேண்டும். அதனால் இங்கே சரக்கை இறக்கித் தோணிக்கு மாற்றுவதே தொழிலாயிற்று. மாந்தை, ஊர்காவற்றுறை, பாம்பன் முதலிய துறைகள் எழுந்ததற்கும் செழித்ததற்கும் காரணம் இவ்வாழமின்மையே. ஆழமில்லாத கடல் பிரிக்கும் என்று நாம் எண்ணுகின்றோம். தோணியோட்டிகளுக்கு அது நடுவீதியாய் இருந்தது.

இனி இராமேசுவரம். கோயிலினுட் புகுவார் கண்களை முதலிற் கவர்வது மூன்றாம் பிராகாரம். அதில் 1,212 தூண்கள் எண்ணப்பட்டுள்ளன. பிராகாரங்கள் அனைத்தின் நீளமும் சேர்ந்து 3,850 அடி என்பர். ஒரு முனையில் நின்று நோக்குவார்க்கு இரு வரிசைத் தூண்களும் தொலைவில் ஒன்றாய்க் கூடி மறையும். கருவறை இந்துக்களுக்கே உரியதாதலின், எம்போன்றார்க்குப் பிராகாரமே எல்லை. ஆயினும் அதனைப் பார்த்து முடிக்க ஒரு பகல் போதாது. உள்ளேயுள்ள 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈர ஆடையுடன் கிணற்றுக்குக் கிணறு விரைந்து செல்லும் வடநாட்டு யாத்திரிகர் கூட்டத்தின் ஆரவாரமே தனிக் காட்சி.

தூண்களை வியந்து நின்றுவிடாமல், இக்கல் எங்கிருந்து வந்தது என்று வினவுதல் நன்று. தீவில் எங்கே தோண்டினும் மணலும் முருகைக்கல்லும் அன்றிக் கருங்கல் கிடையாது. ஆதலின் இக்கோயிலின் கருங்கல் ஒவ்வொன்றும் கடலைக் கடந்தே வந்திருத்தல் வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் இம்மூன்றாம் பிராகாரத்தை எடுப்பித்தவர் இராமநாதபுரத்துச் சேதுபதிகள். அதற்கு முன்னரே, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்து அரசர் திருக்கோணமலையிலிருந்து கல் அனுப்பிக் கருவறையைப் புதுக்கினர் என்று வழிவழியாகக் கூறுவர். கல் வந்த செய்தியை வரலாற்றாசிரியர் ஆராய்க. அவ்வரசர் வெளியிட்ட காசுகளோ நம் கண்முன் உள்ளன. அவற்றில் நந்தியின் உருவமும், அதன் கீழே தமிழெழுத்தில் ‘சேது’ என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இக்கரையில் ஆண்டவர் தம்மைச் சேதுபதி என்றார். அக்கரையில் நல்லூரில் ஆண்டவரும் தம் காசிற் சேது என்றே எழுதினார். இரண்டு அரசுகள் ஒரே மணல்வரிசையைத் தம் பெருமைக்கு அடையாளமாகக் கொண்டன. எல்லையென்று கருதிய இடத்தை எவரேனும் தம் காசில் இவ்வாறு பொறிப்பரோ?

இராமேசுவரத் தீவு ஒரு சமயத்தார்க்கே உரியதென்று எண்ணுவாரும் உளர். தீவின் ஊர்ப்பெயர்களையும் வழிபாட்டிடங்களையும் நோக்கின் அவ்வெண்ணம் மாறும். நாம் வேதத்திற் படிக்கும் காயீன், ஆபேல் என்னும் உடன்பிறந்தார் அடக்கம்பெற்ற இடமென முஸ்லிம்கள் போற்றும் தர்கா ஒன்று இங்கே உண்டு; ஆபில் காபில் தர்கா என்பது அதன் பெயர். ஆதிபிதா ஈழத்து மலையில் இறங்கி இவ்வணை வழியே நடந்து வந்தார் என்னும் அராபியர் கதையினின்றே ஆதாம் பாலம் என்னும் பெயர் பிறந்தது. அதனை நோக்க, அவர் மக்களின் சமாதி இங்கிருத்தல் பொருத்தமாகவே தோன்றும். அக்காள்மடம், தங்கச்சிமடம் என்னும் ஊர்கள் யாத்திரிகர் தங்கிய மடங்களால் பெயர் பெற்றவை; தங்கச்சிமடத்தில் இன்று கத்தோலிக்க மீனவர் மிகுதியாய் வாழ்கின்றனர். பாம்பனுக்குத் தெற்கே உள்ள சிறு தீவு ஒன்றைக் குருசடைத் தீவு என்பர். ‘குருசடி’ என்பது வழியோரத்துச் சிலுவைக் கோயிலுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் சொல்லாதலின், அதுவே திரிந்து தீவின் பெயராயிற்று என்று கருத இடமுண்டு. மண்டபத்தை அடுத்த வேதாளையில் 1549ஆம் ஆண்டில் அந்தோனியோ கிரிமினாலி என்னும் இத்தாலியக் குருவானவர் கொலையுண்டார். இயேசு சபையில் இரத்தசாட்சியாய் மரித்தவருள் அவரே முதல்வர். மேற்கே கீழக்கரையில், திராவிடத் தூண்களோடு கட்டப்பட்ட பழைய பள்ளிவாசலும், சேதுபதியின் நண்பராகிய வள்ளல் சீதக்காதியின் நினைவும் நிலைத்துள்ளன. ஒரு மணல் திட்டில் இத்தனை பேர் வந்து கூடியது தற்செயலன்று. பெருவழி ஓரத்திலேதான் எல்லாரும் கூடுவர்.

இவ்வழிக்கு இரும்பு பூட்டிய ஆண்டு 1914. அவ்வாண்டு பிப்ரவரி மாதம் 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. 6,776 அடி நீளமுள்ள அப்பாலத்தின் நடுவே, கப்பல் செல்லும்பொழுது இரு பாதியாய் மேலெழும் கண் ஒன்று இருந்தது. சென்னை எழும்பூரில் ஏறிய பிரயாணி ‘போட் மெயில்’ என்னும் வண்டியில் தனுஷ்கோடித் துறையை அடைவார். அங்கே கப்பல் மாறி 22 மைல் கடந்து தலைமன்னாரில் இறங்குவார். அங்கே காத்து நிற்கும் மற்றொரு புகைவண்டியில் ஏறிக் கொழும்பை அடைவார். இத்தனைக்கும் சீட்டு ஒன்றே. இக்கப்பல்களுள் இர்வின், கோஷன் என்னும் இரண்டின் பெயரை அக்காலத்துப் பெரியோர் பலரும் கூறக் கேட்கலாம். அரசாங்க அலுவலரும் வணிகரும் மாணவரும் நாடகக் குழுவினரும் இவ்வழியே போய் வந்தனர்.

தமிழ் பயில்வோர்க்கு இக்கடல் வழியிற் சிறப்புரிமை ஒன்று உண்டு. பாலம் எழுமுன்னரே நம் நூல்கள் இக்கடலைக் கடந்து வந்துள்ளன. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் நடத்திய செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைக்கு வந்து, அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியருள் ஒருவராகி, பின்னர் ஏடு தேடித் தொல்காப்பிய உரைகளையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இளமையில் உவெசிலியன் மிஷனைச் சார்ந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார்க்குத் தமிழ்ப் பண்டிதராயிருந்து வேதாகம மொழிபெயர்ப்பில் உதவியவர். பின்னர் அவரே நம் மதத்தைக் கண்டித்து எழுதினார், எழுதட்டும். நல்ல தமிழ் வசனம் எவ்வாறிருக்கும் என்று நம் பாதிரிமார்க்கும் காட்டியவர் அவர். அவர் பதிப்பித்த நூல்களுக்குப் பொருளுதவி செய்தவருள் இராமநாதபுரத்துப் பொன்னுச்சாமித் தேவர் தலையாயவர். கவி ஒரு கரையில், பதிப்பாசிரியர் மறுகரையில், பொருள் கொடுத்தார் மீண்டும் இக்கரையில்; நம் பாடநூல்களின் பிறப்பு வரலாறு இதுவே.

தனுஷ்கோடியின் அழிவு யாவரும் அறிந்ததே. 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி எழுந்த புயலில் அலை ஊர்மேல் ஏறியது. பாம்பனிலிருந்து சென்றுகொண்டிருந்த புகைவண்டி 115 பேரோடு அடித்துச் செல்லப்பட்டது, ஒருவரும் பிழைத்திலர். பாம்பன் பாலத்தின் கண்கள் பல சிதைந்தன. பாலத்தை இ. ஸ்ரீதரன் என்னும் பொறியாளர் 46 நாட்களிற் சீர்ப்படுத்திவிட்டார். தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதை மட்டும் மீண்டும் இடப்படவேயில்லை. ஊர் வாழ்வதற்குத் தகாத இடமென அரசினர் அறிவித்தனர். முருகைக்கல்லாற் கட்டிய மாதாகோயிலின் சுவர்களும், புகைவண்டி நிலையத்தின் சில வளைவுகளும், ஒரு தண்ணீர்த்தொட்டியும் இன்று எஞ்சி நிற்கின்றன. 2017இல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை திறக்கப்பட்டது. அதன்பின் நாள்தோறும் வண்டிகள் நிரம்பி வருகின்றன; மாதாகோயிற் சுவரருகே நின்று படமெடுத்துக்கொண்டு, சங்கு வாங்கிக்கொண்டு, மாலைக்குள் அனைவரும் திரும்புகின்றனர்.

இவ்விடத்தைப் பற்றி நம் பழைய இலக்கியத்தில் ஒரு குறிப்பு உண்டு. அகநானூற்றின் 70ஆம் பாட்டு பாண்டியர்க்குரிய கோடி என்னும் கடற்றுறையைக் கூறுகின்றது. அங்கே ஓர் ஆலமரத்தின் கீழ் இராமன் மறை சூழ்ந்தபொழுது, ஆரவாரம் செய்த பறவைகள் ஒலி அவிந்தன என்பது அப்பாட்டின் செய்தி. ஊரார் அலர் அடங்கியதற்கு உவமையாகப் புலவர் அதனை எடுத்துக் கூறினார். அணையைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. அவர் காலத்திற் கோடியின் இயல்பு ஒலி. அவிந்தது ஒரு பொழுதிற்கே.

புயலொன்றே இவ்வழியை அடைத்தது என்று முடிவு செய்துவிடலாகாது. அதே 1964ஆம் ஆண்டில், புயலுக்கு இரண்டு மாதம் முன்னர், அக்டோபர் 30ஆம் நாள், இந்தியப் பிரதமர் சாஸ்திரியாரும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். ஈழத்துத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர் 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சியோரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அதில் எழுதப்பட்டது. இவர்களுடைய முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் இதே கடலைத் தோணியிற் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மலைநாட்டிற்கு நடந்து சென்றவர். வழியில் வாந்திபேதியால் இறந்தவர் மிகப் பலர். மண்டபத்தில் அவர்களைத் தடுத்து வைத்து நோயாராய்ந்த முகாம் ஒன்று இருந்தது. அம்முகாமே, ஒப்பந்தத்திற்குப் பின் திரும்பி வந்தோர்க்கும், 1983க்குப் பின் அகதிகளாய் ஓடிவந்தோர்க்கும் முதற் புகலிடமாயிற்று. போகும்பொழுதும் ஒரே வாயில், வரும்பொழுதும் ஒரே வாயில். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் எவரும் மண்டபத்தைக் கடவாமற் செல்ல இயலாது. அம்முகாமின் பக்கம் முகந்திருப்பி நோக்குவார் சிலரே.

புயலுக்குப் பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குச் சில ஆண்டுகள் சென்றது. ஈழத்திற் போர் மூண்ட பின்னர், 1980களின் நடுப்பகுதியில், அதுவும் நின்றது. பழைய பாம்பன் பாலத்தில் 2022இன் இறுதியிற் புகைவண்டி நிறுத்தப்பட்டு, அதனருகே புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டுள்ளது. அதன் நடுக்கண் இரு பாதியாய்ப் பிளவாமல், ஒரே பலகை போல நேரே மேலெழும். கட்டடத் திறமை பெரிது. ஆயினும் அதன்மேற் செல்லும் வண்டி இராமேசுவரத்தோடு நின்றுவிடுகின்றது.

ஆகவே மறுகரையைக் காண விழைவார் சுற்றிச் செல்லுதல் வேண்டும். சென்னையிலிருந்து வானூர்தியில் யாழ்ப்பாணத்துப் பலாலிக்குச் செல்லலாம். இல்லையேல், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, இடையிடையே நின்றும் நடந்தும் வரும் கப்பலிற் செல்லலாம். யாழ்ப்பாணத்தில் இறங்கினோர்க்குத் தீவுகள் அருகிலேயே உள்ளன. பண்ணைத் தாம்போதி வழியே வேலணைக்கும், அங்கிருந்து புங்குடுதீவிற்கும் பேருந்து செல்லும். புங்குடுதீவின் ஓரத்துக் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவிற்கும் நெடுந்தீவிற்கும் படகு உண்டு. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரப் பெயர்களை இட்டனர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று, வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். இவற்றுள் ஒட்டிக்கொண்டது டெல்ஃப்ட் ஒன்றே, அதுவும் ஆங்கிலம் பேசுவோர் வாயில். தமிழர் வாயிற் பழைய பெயர்களே நின்றன.

வேலணைத் தீவின் மேற்கு முனையில் உள்ளது ஊர்காவற்றுறை. இன்று அங்கே செல்வார் காண்பன சில மாதாகோயில்களும், மீன்பிடி வள்ளங்களும், கடல் நடுவே ஒல்லாந்தர் கோட்டையும் ஆகும். கேட்பது காக்கையின் குரல். ஆயினும் 12ஆம் நூற்றாண்டில் இத்துறை எவ்வாறிருந்தது என்பதற்கு நயினாதீவிற் கல்லெழுத்துச் சான்று உண்டு. சிங்கள அரசனாகிய முதலாம் பராக்கிரமபாகு தமிழில் எழுதுவித்த சாசனம் அது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்குக; அவர்க்குப் பாதுகாவல் உண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி. இதுவே அதன் கருத்து. யானைக்கும் குதிரைக்கும் ஏன் சலுகை என்று ஆராய்வது சுவையுடையது. அவை இனியும் வரவேண்டும் என்று அரசன் விரும்பினான் என்பது தெளிவு. அதனினும் சுவையுடையது மொழி. சிங்கள நாட்டரசன் அயல்நாட்டு வணிகர்க்கு அறிவிக்க எடுத்துக்கொண்ட மொழி தமிழ். இக்கடலின் கடைத்தெரு மொழி தமிழே என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

அந்நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும், சிறிது தூரத்தில் நாகதீபம் என்னும் பௌத்த விகாரையும் உள்ளன. மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இத்தீவே என்று கூறும் அறிஞர் உளர். நாக அரசர் இருவர் ஒரு மணிப்பீடத்திற்காகப் போரிட்டதும், புத்தர் தோன்றி அதனை விலக்கியதும் பாலி மொழியில் மகாவம்சத்திலும் தமிழில் மணிமேகலையிலும் ஒருங்கே கூறப்படுதல் நோக்கத்தக்கது. ஒரே படகில் வெள்ளாடை உடுத்த சிங்களப் பௌத்தரும் திருநீறணிந்த தமிழரும் ஏறி, கரை சேர்ந்ததும் இரு திசையிற் பிரிந்து செல்வர்.

நெடுந்தீவு இன்னும் ஒரு மணி நேரக் கடற்பயணம். முருகைக்கல்லைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகள், அவற்றுக்கிடையே பனந்தோப்புகள், வெட்டவெளியில் ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்த மட்டக் குதிரைகள், பறங்கியர் கோட்டையின் இடிபாடு, ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, உள்ளே ஆள் புகத்தக்க பொந்துடைய பெருக்கமரம் — இளைப்பாற விரும்புவார்க்கு இதனினும் ஏற்ற இடம் அரிது. நம் நாட்டிற் பப்பரப்புளி என்பதும் ஈழத்திற் பெருக்கமரம் என்பதும் ஒன்றே. ஆப்பிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொணர்ந்த மரமென்பர். இங்கும் அமைதியின் விலையை மறத்தல் கூடாது. 1985 மே 15ஆம் நாள் குமுதினி என்னும் படகில் நெடுந்தீவிலிருந்து சென்ற மக்கள் பலர் நடுக்கடலில் வெட்டுண்டு மாண்டனர். போர்க்காலத்திற் புங்குடுதீவு முதலிய ஊர்களினின்று வெளியேறியோர் கனடாவிலும் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் குடியேறிவிட்டனர். கதவின்றி நிற்கும் கல்வீடுகள் வழிநெடுகக் காணப்படும். வேலணைத் தீவின் கரம்பனில் 1913இற் பிறந்த தனிநாயக அடிகள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் கண்டு, உலகத் தமிழ் மாநாடுகளுக்கு வித்திட்டவர். கத்தோலிக்கக் குருவானவராகிய அவர் தமிழை உலகமெங்கும் கொண்டு சென்றதற்கு, நாற்றிசைக் கப்பலும் வந்த துறையருகே பிறந்ததும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே மன்னார் செல்லும் வழியில், பாலாவிக் கரையில் திருக்கேதீச்சரம் உளது. சம்பந்தரும் சுந்தரரும் இதனைப் பாடினர். அவர்கள் கடல் கடவாமல் இராமேசுவரத்தில் நின்றே பாடினர் என்பது சைவர் மரபு. பாடல்பெற்ற அப்பழைய கோயில் இன்றில்லை. இவ்விடத்தில் நம் சமயத்தவர் இரண்டு செய்திகளை ஒருங்கே நினைத்தல் வேண்டும். 1544இல், சவேரியாரின் ஊழியத்தால் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் அறுநூறு பேர் வரை யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். இது நம் ஆலயங்களில் அடிக்கடி சொல்லப்படும். 1560இற் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். திருக்கேதீச்சரத்தை இடித்தவர் அவர்களே. அக்கல்லே கோட்டைக்குச் சென்றது என்பது ஊரார் கூற்று. இது நம் ஆலயங்களிற் சொல்லப்படுவதில்லை. இரண்டையும் அறிந்தவனே மன்னார்க் கோட்டைச் சுவரை நேரே பார்க்க வல்லவன். அக்கோயிலை மீண்டும் எடுக்கவேண்டுமென்று 1872இல் எழுதியவர் முன்னர்க் கூறிய ஆறுமுக நாவலரே.

மன்னார்ப் பட்டினத்தில் பள்ளிமுனை செல்லும் வழியில் மாபெரும் பெருக்கமரம் ஒன்று உண்டு. தெருவிற் கழுதைகள் உரிமையோடு உலவும். அங்கிருந்து தலைமன்னார் வரை மீண்டும் பனையும் மணலும். போரில் அழிந்த இருப்புப்பாதை 2015இல் திரும்ப இடப்பட்டு, கொழும்பு வண்டி இப்பொழுது தலைமன்னார்த் துறை நிலையம் வரை வருகின்றது. நிலையத்திற்கு அப்பால் இடிந்த பாலத்துறையின் கால்கள் நீருள் வரிசையாய் நிற்கும். எதிரே 18 மைலில் அரிச்சல்முனை. நாம் வந்து சேர்ந்ததோ நூற்றுக்கணக்கான மைல் சுற்றி.

இவ்விரு கரையாரும் ஒன்று கூடும் இடம் இன்றும் ஒன்று உண்டு, அது கச்சத்தீவு. 285 ஏக்கரே உள்ள அத்தீவில் நன்னீர் இல்லை, குடியிருப்பாரும் இலர். 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் அது இலங்கைக்கு உரியதாயிற்று. மீன்பிடிக்கும் உரிமை பற்றிய வழக்கு அன்று முதல் ஓயவில்லை. எல்லை கடந்தாரென்று இக்கரை மீனவர் சிறைப்படுதலும், தம் கடலின் மீனை இழுவைப்படகுகள் வாரிச் செல்கின்றன என்று அக்கரை மீனவர் முறையிடுதலும் ஆண்டுதோறும் கேட்கின்றோம். இரு சாராரும் தமிழர், பெரும்பாலும் ஒரே சமயத்தவர், வறியவர். அத்தீவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரை மீனவர் ஒருவர் எழுப்பிய அந்தோனியார் கோயிலில், பிப்ரவரி அல்லது மார்ச்சு மாதத்தில் இரண்டு நாள் திருவிழா நடைபெறும். இராமேசுவரத்திலிருந்தும் நெடுந்தீவுப் பக்கத்திலிருந்தும் படகுகள் வரும். அதற்கு நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. மீனவர் சிறைப்பட்டதை எதிர்த்து 2024இல் இக்கரையார் செல்லாது நின்றனர். 2025இல் மீண்டும் சென்றனர். கொடியேற்றமும் சிலுவைப்பாதையும் தேர்ப்பவனியும் முதல் நாள். அன்றிரவு மணலிற் படுத்துறங்குவோர், இன்னார் மகன் என்றும் இன்னார் பேத்தி என்றும் உறவு விசாரிப்பர். மறுநாட் காலைத் திருப்பலி முடிந்தவுடன் படகுகள் இரு திசையிலும் புறப்பட்டுவிடும்.